எஸ்போசிட்டோ: ஓர் இத்தாலியக் குடும்பப் பெயரின் வேர்

1889இல் ராணி மார்கெரீட்டாவுக்காகத் தக்காளியும் மொட்ஸரெல்லா சீஸும் பேசில் இலையும் போட்டு பீட்சா செய்து கொடுத்ததாகச் சொல்லப்படும் நேப்பிள்ஸ் சமையல்காரரின் பெயர் ரஃபாயேலே எஸ்போசிட்டோ. அமெரிக்கத் தொடர்களில் சத்தம் போடாமலே ஆளை நடுங்க வைக்கும் வில்லனாக வருகிறாரே ஜியான்கார்லோ எஸ்போசிட்டோ, அவருடைய அப்பா இத்தாலிக்காரர். கனடாவின் ஐஸ் ஹாக்கி ரசிகர்களைக் கேட்டால் ஃபில் எஸ்போசிட்டோ என்று இன்னொருவரைச் சொல்வார்கள்.

இவர்களெல்லாம் ஒரே வம்சமா? பெயரை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல வழியே இல்லை. ஒரு குடும்பத்தைக் குறிப்பதற்காக இந்தப் பெயர் உருவாகவில்லை. 'இந்தக் குழந்தையின் குடும்பம் எது என்று தெரியாது' என்று பதிவேட்டில் எழுதிய குறிப்பே பெயராகிவிட்டது.

அதற்குள் போவதற்கு முன், இத்தாலியப் பெயர்கள் எப்படி உருவாயின என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பெரும்பாலான குடும்பப் பெயர்கள் நான்கு வழிகளில் வந்தவை. முதலாவது தகப்பன் பெயர்: டி பியெட்ரோ என்றால் பியெட்ரோவின் பிள்ளை, டி லூக்கா என்றால் லூக்காவின் பிள்ளை. நாம் போடும் இனிஷியல் ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறுகிறது. அவர்களுக்கு ஏதோ ஒரு தலைமுறையில் அந்த இனிஷியல் அப்படியே உறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது தொழில். ஃபெராரி காரும் ஃபெரேரோ சாக்லேட்டும் இரும்படிக்கும் கொல்லரின் பெயரைத்தான் சுமக்கின்றன. எமிலியா பக்கம் ஃபெராரி, பியெட்மாண்ட் பக்கம் ஃபெரேரோ, தெற்கே போனால் ஃபெராரோ. மூன்றாவது பட்டப்பெயர். இத்தாலியில் அதிகம் காணப்படும் ரோஸி, செந்நிற முடியோ தாடியோ இருந்த யாரோ ஒருவருக்கு ஊரார் வைத்தது. தெற்கில் அதுவே ரூஸோ ஆகிறது. இன்றைய இத்தாலிய மொழியில் ரஷ்யரையும் ரூஸோ என்பார்கள் என்பதால், அந்தப் பெயர்க்காரரைப் பார்த்து 'உங்கள் பூர்வீகம் ரஷ்யாவா?' என்று கேட்கத் தோன்றும். கேட்டுவிடாதீர்கள். நான்காவது ஊர்: ரோமானோ, நாப்போலிட்டானோ, கிரேக்கோ. கடைசிப் பெயருக்குக் கிரேக்கர் என்று பொருள்.

வடக்கிலும் நடு இத்தாலியிலும் நிறையப் பெயர்கள் 'இ' ஓசையில் முடிவதைக் கவனித்திருப்பீர்கள். அது பெரும்பாலும் பன்மை விகுதி. 'ரோஸி' என்பதை 'செம்முடியார் வீட்டார்' என்று படிக்கலாம். தெற்கில் 'ஓ' என்ற ஒருமை முடிவு அதிகம். நமக்குத் தெரிந்த இத்தாலியர் இருவரையே எடுத்துக்கொள்ளுங்களேன். 1606இல் மதுரைக்கு வந்து தத்துவ போதகர் என்று பெயர் பெற்ற ராபர்ட் டி நொபிலியின் பெயருக்கு 'பிரபுக்கள் வீட்டவர்' என்பதுதான் நேர்ப்பொருள். வீரமாமுனிவரான பெஸ்கியும் 'இ'யில்தான் முடிகிறார். அவர் வடக்கே லொம்பார்டியில் பிறந்தவர்.

இந்தப் பெயர்கள் முதலில் இறுகிப்போனது பணக்கார வீடுகளில். சாதாரண ஜனங்களுக்குப் பதிவேடு வந்த பிறகுதான் பெயர் நிலைத்தது. 1563இல் முடிந்த ட்ரெண்ட் திருச்சங்கம் என்ற கத்தோலிக்கத் திருச்சபைப் பேரவை, ஒவ்வொரு பங்குக் கோயிலிலும் திருமுழுக்கையும் திருமணத்தையும் எழுதி வைக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. எழுத ஆரம்பித்ததும் சிக்கலும் ஆரம்பித்தது: இன்னாரின் மகன் இன்னார் என்று எழுத வேண்டிய இடத்தில், அப்பா யார், அம்மா யார் என்றே தெரியாத குழந்தைக்கு என்ன எழுதுவது?

நேப்பிள்ஸில் அந்த இடத்தை நிரப்பிய சொல்தான் எஸ்போசிட்டோ.

லத்தீனில் 'எக்ஸ்' என்றால் வெளியே, 'பொனெரே' என்றால் வைத்தல். இரண்டும் சேர்ந்து 'எக்ஸ்பொசிட்டுஸ்': வெளியே வைக்கப்பட்டவன். பெற்றவர்கள் விட்டுச்சென்ற குழந்தைக்கு லத்தீனில் நெடுங்காலமாக வழங்கிய சொல் இது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அதே வினையிலிருந்து வந்த இன்றைய இத்தாலியச் சொல் 'எஸ்போஸ்ட்டோ'; நடுவில் 'இ' கிடையாது. குடும்பப் பெயரிலோ அந்த லத்தீன் 'இ' இன்னும் உட்கார்ந்திருக்கிறது. தெருவில் பேசிய மொழியிலிருந்து வராமல், லத்தீனில் எழுதிப் பழகியவர்களின் பேனாவிலிருந்து வந்த பெயர் என்பதற்கு அது நல்ல அடையாளம். உச்சரிக்கும்போது அழுத்தம் 'போ' மீது விழ வேண்டும். அமெரிக்காவில் பலர் அதை 'சி' மீது போடுவார்கள்.

இனி அந்தச் சொல் பிறந்த இடத்துக்குப் போவோம். நேப்பிள்ஸின் பழைய பகுதியில், ஃபொர்ச்செல்லா என்ற பேட்டையில், 14ஆம் நூற்றாண்டில் தோன்றிய அனுன்சியாட்டா என்ற தேவாலயமும் அதை ஒட்டிய மருத்துவமனையும் அனாதைக் காப்பகமும் உண்டு. அதன் வெளிச்சுவரில் ஒரு துவாரம். துவாரத்துக்குப் பின்னால் நின்றவாக்கில் சுழலும் மர உருளை. அதன் ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும். இத்தாலியில் இதற்கு 'ருவோட்டா' என்று பெயர், அதாவது சக்கரம். குழந்தையைக் கொண்டுவருபவர் அதை உருளைக்குள் வைத்து, உருளையைத் திருப்பி, மணியை அடித்துவிட்டுப் போய்விடலாம். உள்ளே இரவும் பகலும் காவலிருக்கும் பெண் எடுத்துக்கொள்வாள். வைத்தவர் முகம் எடுத்தவருக்குத் தெரியாது. அதற்காகவேதான் அந்த அமைப்பு.

உள்ளே போன குழந்தையைக் குளிப்பாட்டுவார்கள், திருமுழுக்கு கொடுப்பார்கள், கழுத்தில் ஈய முத்திரை ஒன்றைக் கட்டுவார்கள். அப்புறம் பதிவேடு. வந்த நாள், நேரம், பார்வைக்கு எத்தனை நாள் குழந்தை, எந்தத் துணியில் சுற்றியிருந்தது, உடலில் மச்சம் உண்டா, கூடவே ஏதாவது வைத்திருந்தார்களா என்று ஒன்று விடாமல் எழுதினார்கள். கிடைத்த குழந்தைக்கு ஞானப்பெயர் ஒன்று கொடுத்தாயிற்று. குடும்பப் பெயருக்கான இடத்தில் எஸ்போசிட்டோ. அடுத்த குழந்தைக்கும் எஸ்போசிட்டோ. அதற்கடுத்ததற்கும் அதேதான். ஊர்க்காரர்கள் இந்தப் பிள்ளைகளை 'மடோனாவின் பிள்ளைகள்' என்று, அதாவது மாதா பிள்ளைகள் என்று, கொஞ்சம் மரியாதையோடு சொன்னார்கள். ஏட்டில் அந்த மென்மை கிடையாது.

குழந்தையோடு வைக்கப்பட்ட பொருள்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஃப்ளாரன்ஸில் இதேபோல ஒரு பெரிய காப்பகம் உண்டு: கட்டிடக் கலைஞர் புரூனெல்லெஸ்கி 1419இல் வரைந்து கொடுத்த ஓஸ்பெடாலே டெல்யி இன்னோசென்ட்டி. 1445 பிப்ரவரியில் முதல் குழந்தையை ஏற்றார்கள். அகட்டா ஸ்மெரால்டா என்று அவளுக்குப் பெயர் வைத்தார்கள். அந்தக் கட்டிடம் இப்போது அருங்காட்சியகமாகவும் இருக்கிறது. அங்கே சின்னச் சின்ன இழுப்பறைகளில் 19ஆம் நூற்றாண்டுக் குழந்தைகளோடு வந்த பொருள்களை வைத்திருக்கிறார்கள். பாதியாக வெட்டிய நாணயம், இரண்டாக உடைத்த பதக்கம், ஒரு மணி, ஒரு துண்டு ரிப்பன். மறு பாதி பெற்றவரிடம் இருக்கும். என்றைக்காவது நிலைமை சரியானால் அந்தப் பாதியோடு வந்து, இரண்டையும் பொருத்திக் காட்டிப் பிள்ளையைக் கேட்கலாம். இழுப்பறையில் இருப்பதெல்லாம் பாதிகள்தான்.

யார் இப்படி விட்டுப்போனார்கள்? திருமணமாகாத தாய்மார் என்பதுதான் உடனே தோன்றும் பதில். நிறைய வகையில் அது உண்மையும்கூட. மானம் போய்விடும் என்ற பயமும், பாதிரியார், மருத்துவச்சி, குடும்பம் என்று எல்லாப் பக்கமும் நெருக்கடியும் இருந்தன. ஆனால் கட்டிய கணவனோடு குடித்தனம் நடத்திய பெண்களின் பிள்ளைகளும் ஏராளம். மிலானில் 19ஆம் நூற்றாண்டில் இது சாதாரணமாகவே நடந்தது. இருவரும் வேலைக்குப் போக வேண்டும், பால் கொடுக்க வழியில்லை, ஏற்கெனவே நாலு பிள்ளைகள். கொஞ்ச காலம் காப்பகத்தில் விட்டுவிட்டு அப்புறம் அழைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. கணக்கு பெரும்பாலும் தப்பியது. காப்பகத்துக்குள் வந்த குழந்தைகளில் பெரும்பகுதி சில மாதங்களிலேயே இறந்துபோயின. தாதிகள் போதாது, நெரிசல் அதிகம், புட்டிப்பாலைச் சுத்தமாகக் கொடுக்கும் வழி அன்று இல்லை.

பிழைத்தவை பெரும்பாலும் ஊருக்கு வெளியே, கிராமத்துத் தாதிகளிடம் அனுப்பப்பட்ட குழந்தைகள். பெயர் பரவியதும் இந்த வழியில்தான். பையன்கள் அங்கேயே வளர்ந்து, தொழில் கற்று, கல்யாணம் செய்து, தம் பிள்ளைகளுக்கு எஸ்போசிட்டோ என்ற பெயரைக் கொடுத்தார்கள். பெண்களுக்கு அனுன்சியாட்டா சீதனம் கொடுத்துக் கல்யாணம் செய்து வைத்தது; ஆனால் அவர்கள் பிள்ளைகளுக்குக் கணவர் பெயர் வந்துவிடும், எஸ்போசிட்டோ அங்கே நின்றுவிடும். அப்படி நின்றும், நேப்பிள்ஸில் இன்றைக்கு மிகப் பரவலான குடும்பப் பெயர் இதுதான். ஒருவருக்கொருவர் ரத்த சம்பந்தமே இல்லாத பிள்ளைகளுக்கு நூறு நூறு ஆண்டுகளாக ஒரே பெயரை வைத்தால் வேறென்ன ஆகும்?

மற்ற ஊர்களில் வேறு சொற்கள். ரோமில் 'தூக்கி எறியப்பட்டவன்' என்ற பொருளில் 'புரோயெக்டுஸ்'. அதிலிருந்து வந்த புரோயெட்டி இன்றும் ரோமிலும் உம்பிரியாவிலும் அதிகம். கேட்கவே வலிக்கிற சொல், ஆனால் அதற்கொரு பின்னணி உண்டு. டைபர் நதியில் வலை வீசிய மீனவர்களுக்கு மீனுக்குப் பதிலாகக் குழந்தைப் பிணங்கள் அகப்பட்டன என்றும், அதைக் கேட்டுக் கலங்கிய போப் மூன்றாம் இன்னசென்ட் சாந்தோ ஸ்பிரிட்டோ மருத்துவமனையில் குழந்தைகளை ஏற்க வழிசெய்தார் என்றும் ரோமில் ஒரு பழங்கதை. அந்த மருத்துவமனையின் 15ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களிலேயே அந்தக் காட்சி இருக்கிறது. ஃப்ளாரன்ஸில் காப்பகத்தின் பெயரே குழந்தைகளுக்குப் போனது: இன்னோசென்ட்டி, டெல்யின்னோசென்ட்டி, கொஞ்சம் தேய்ந்து நொச்சென்டீனி. 'மாசற்றோர்' என்று பொருள்; ஏரோது மன்னன் கொன்ற பெத்லகேம் குழந்தைகளை நினைத்து வைத்த பெயர். என்னைக் கேட்டால், எல்லா ஊரிலும் கொஞ்சம் இரக்கத்தோடு பெயர் வைத்தவர்கள் ஃப்ளாரன்ஸ்காரர்கள்தான். அந்தக் கட்டிடத்தின் முகப்பில் நீலப் பின்னணியில் வெள்ளையாக, துணி சுற்றிய குழந்தைகளின் சுடுமண் வட்டங்கள் இருக்கும். அந்திரேயா டெல்லா ராபியா செய்தவை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் சின்னம் அதிலிருந்து எடுத்ததுதான். பொலோன்யாவில் டெல்யி எஸ்போஸ்ட்டி, சிசிலியில் 'கண்டெடுக்கப்பட்டவன்' என்ற பொருளில் ட்ரொவாட்டோ.

மிலான் கதைதான் ரொம்பக் குழப்பும். அங்கே பெரிய மருத்துவமனையான ஓஸ்பெடாலே மஜ்ஜோரேயின் சின்னம் புறா. புறாவுக்கு இத்தாலியில் 'கொலம்பா'. அங்கே ஏற்கப்பட்ட குழந்தைகளுக்கு கொலம்போ என்று பெயர் வைத்தார்கள். மிலான் பக்கம் எங்கு பார்த்தாலும் கொலம்போ இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒரு காரணம்தான், எல்லாக் காரணமும் இல்லை. புறா வளர்த்தவருக்கும் அதே பட்டப்பெயர் வரலாம், சாதுவான ஆளுக்கும் வரலாம், பழைய கிறித்தவ ஆண்பெயராகவும் அது இருந்திருக்கிறது. அமெரிக்கா போன கிறிஸ்டோபர் கொலம்பஸின் வீட்டுப் பெயரும் கொலம்போ. அவர் ஜெனோவாவில் டொமெனிக்கோ என்ற நெசவாளியின் மகன், அப்பா பெயர் நன்றாகவே தெரியும். இலங்கைக் கொழும்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கொலம்பஸின் நினைவாகப் போர்த்துகீசியர் வைத்த பெயர் அது என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கலாம். ஆனால் அரபுப் பயணி இபின் பதூதா 1344 வாக்கில் அங்கே போனபோதே 'கலன்பு' என்று எழுதியிருக்கிறார். கொலம்பஸ் பிறந்தது 1451இல்.

பெயரின் பொருளைக் கண்டுபிடித்துவிட்டால் கதை முழுவதும் கிடைத்துவிட்டது என்று நினைப்பதுதான் இந்தத் துறையில் புதிதாக நுழைபவர்கள் வழுக்கி விழும் இடம். 'கடவுள் உன்னை வளர்க்கட்டும்' என்று பொருள்படும் டியோட்டல்லேவி என்ற பெயரைப் பார்த்ததும் இது அனாதைக் குழந்தைக்கு வைத்ததுதான் என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் இடைக்காலத்தில் பெற்றோர் ஆசையாகத் தம் பிள்ளைக்கே வைத்த பெயர் அது. பேரனுக்கு அதுவே குடும்பப் பெயராகியிருக்கலாம். எஸ்போசிட்டோவில் அவ்வளவு சந்தேகம் இல்லை. இன்னோசென்ட்டியிலும் கொலம்போவிலும் நிறையவே உண்டு. அதனால் சொல்லின் வேரைப் பார்ப்பதோடு, பெயர் எந்த ஊரில் குவிந்திருக்கிறது என்றும், கிடைக்கிற மிகப் பழைய பதிவில் என்ன எழுதியிருக்கிறது என்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இத்தாலிய அரசு ஆவணக் காப்பகங்கள் 'அன்டெனாட்டி' என்ற தளத்தில் பழைய குடிமைப் பதிவேடுகளின் படங்களை இலவசமாகவே வைத்திருக்கின்றன.

தெற்கு இத்தாலியில் அந்தப் பதிவேடுகள் 1809இலிருந்து ஆரம்பிக்கின்றன. நெப்போலியன் ஆட்களின் வேலை. அப்போது நேப்பிள்ஸின் அரசர், நெப்போலியனின் தங்கை கணவரான ஜோவாக்கிம் மூரா. எஸ்போசிட்டோ என்று புதிதாக யாருக்கும் பெயர் வைக்கக் கூடாது என்று தடை போட்டவர் அவர்தான். பெயரைச் சொன்ன மாத்திரத்தில் 'தகப்பன் பெயர் தெரியாதவன்' என்று எதிராளிக்குத் தெரிந்துவிடுவதை அவர் விரும்பவில்லை. ஏற்கெனவே வைத்தது போகவில்லை; புதிதாக வைப்பதுதான் நின்றது. 19ஆம் நூற்றாண்டின் முதல் கால்பகுதியில் ஃப்ளாரன்ஸும் மிலானும் இதே வழிக்கு வந்தன.

விளைவு கொஞ்சம் விசித்திரமானது. பொதுப்பெயர் கூடாதென்றால் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாகக் குடும்பப் பெயரைக் கற்பனை செய்தாக வேண்டும். குமாஸ்தாக்கள் மாதத்தின் பெயரை எடுத்தார்கள், செடி கொடியை எடுத்தார்கள், ஊரை எடுத்தார்கள், எழுத்து வரிசைப்படி போனார்கள். தெற்கத்திய பதிவேடுகளில் ஒரு பிறப்புப் பதிவைத் திறந்தால், சக்கரத்தில் எத்தனை மணிக்குக் கிடைத்தது, என்ன உடுத்தியிருந்தது என்று விலாவாரியாக இருக்கும். பக்கத்தில் 'புரோயெட்டோ' என்ற குறிப்பு. கடைசியில் அந்த ஊரிலேயே வேறு யாருக்கும் இல்லாத ஒரு குடும்பப் பெயர். இன்றைக்கு ஓர் இத்தாலியர் தம்முடைய பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டே போய், 1830 வாக்கில் ஒரு குமாஸ்தாவின் மேசையில் முட்டி நிற்பது சகஜம். எஸ்போசிட்டோவாக இருந்தால் குறைந்தபட்சம் என்ன நடந்தது என்றாவது பெயரே சொல்லிவிடும். இந்தக் கற்பனைப் பெயர்கள் அதையும் சொல்லாது. களங்கத்தை மறைக்கப் போய்த் தடயத்தையும் மறைத்துவிட்டார்கள்.

நேப்பிள்ஸ் சக்கரம் 1875இல் நின்றது, ஃப்ளாரன்ஸ் சக்கரமும் அதே ஆண்டில். நாடு முழுவதுக்குமான சட்டம் 1923இல்தான் அந்த முறையை ஒழித்தது. அனுன்சியாட்டாவின் மரச் சக்கரத்தை இன்றும் போய்ப் பார்க்கலாம்.

இத்தாலியில் இன்றும் ஒரு தாய் தன் பெயரைச் சொல்லாமலே மருத்துவமனையில் பிரசவித்துக் குழந்தையை விட்டுச்செல்லச் சட்டம் இடம் தருகிறது. அப்படிப்பட்ட குழந்தைக்குப் பெயரும் குடும்பப் பெயரும் வைப்பது குடிமைப் பதிவு அலுவலரின் பொறுப்பு. அவர் என்ன வைக்கக் கூடாது என்பதை 2000ஆம் ஆண்டின் விதிமுறை சொல்கிறது: பிறப்பின் பின்னணியைக் காட்டிக்கொடுக்கும் பெயர் கூடாது, வரலாற்றுப் புகழ் பெற்ற பெயரும், அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த குடும்பத்தின் பெயரும் கூடாது. நேப்பிள்ஸ் அலுவலர் அக்கம்பக்கத்தில் அதிகம் காதில் விழும் பெயரை வைக்க நினைத்தாலும், முதல் விதியிலேயே எஸ்போசிட்டோ அடிபட்டுப் போகும்.